தூண்டுதலும் செய்வித்தலும்

இருமொழி அகராதியைக் கையாளும் மாணவர் பலர், ஒரு மொழியிலுள்ள சொல்லுக்கு மற்றொரு மொழியில் நேர்நிற்கும் சொல் ஒன்று உண்டென்றும், அதனைக் கண்டெடுத்து வைத்தலே மொழிபெயர்ப்பு என்றும் கருதுவர். பொருட்பெயர்களைப் பொறுத்தவரையில் இக்கருத்துப் பெரும்பாலும் இடர் விளைப்பதில்லை. நெல், மாடு, கடல், வீடு என்பன எம்மொழியிற் கூறினும் கண்ணாற் கண்டு தெளியத்தக்கன. வினைச்சொற்களோ அத்தன்மையன அல்ல. அவற்றுள்ளும், ஒருவன் மற்றொருவனைக் கொண்டு ஒரு செயலை நிகழ்விப்பதைக் குறிக்கும் வினைகள் மிக நுண்ணியன. அங்கே செய்விப்பவன், செய்பவன், செய்விப்பதற்குக் கொண்ட வழி, செய்பவனுடைய உள்ளத்தின் நிலை, முடிவில் நிகழ்ந்த செயல் என ஐந்து கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. இவ்வைந்தனுள் எதனைச் சொல்லால் வெளிப்படுத்துவது, எதனைச் சொல்லாது விடுவது என்பதில் மொழிக்கு மொழி வேறுபாடு உண்டு.

ஆங்கிலத்தில் 'இன்டியூஸ்' என்னும் வினை இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். தமிழில் அதற்குத் 'தூண்டு' என்று பொருள் கூறுவதே பெருவழக்கு. அவ்வழக்குப் பொருந்துமா, பொருந்தாதெனின் எவ்விடத்துப் பொருந்தாது, அதனால் விளையுங் கேடு யாது என்பன ஆராயத்தக்கன. இவ்வாராய்ச்சி வகுப்பறை இலக்கணத்தோடு முடிவதன்று. வழக்குமன்றத்திலும் மக்கள் வாழ்விலும் இச்சொல்லைச் சார்ந்து நிற்குங் காரியங்கள் பல உள.

'இன்டியூஸ்' என்பது இலத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். 'உள்ளே' எனப் பொருள்படும் முன்னொட்டும் 'நடத்திச் செல்' எனப் பொருள்படும் வினையும் சேர்ந்து அமைந்தது. ஒருவனைக் கைப்பிடித்து ஓரிடத்தினுள் இட்டுச்செல்லுதல் அதன் பழம்பொருள். இக்காலத்து ஆங்கிலத்தில் அஃது ஒருவனை ஒரு செயலினுள் இட்டுச்செல்லுதலைக் குறிக்கும். 'பேசுவேட்' என்னும் வினையும் இலத்தீன் வழியதே; அதன் பகுதி அறிவுரை கூறுதலைக் குறிப்பது; முன்னொட்டு அவ்வறிவுரை முற்றுப்பெற்றமையைக் காட்டுவது. 'கொன்வின்ஸ்' என்பதன் பகுதி வெல்லுதல் எனப் பொருள்படும். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்கத்தக்கன போலத் தோன்றினும், ஒன்று கைப்பிடித்து நடத்துவது, ஒன்று எடுத்துரைப்பது, ஒன்று வாதில் வெல்வது என்னும் வேறுபாடு அவற்றின் பிறப்பிலேயே அமைந்து கிடக்கின்றது.

இவ்வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டாற் காண்டல் எளிது. பூநகரியிலே காலபோகத்துக்கு வயலைப் பண்படுத்தும் உழவர் ஒருவர், தம் அயலவரிடம், புதிய இன நெல்லை விட்டு மொட்டைக்கறுப்பனை விதைக்குமாறு கூறுகின்றார் எனக் கொள்வோர்க்குப் பின்வருவன புலனாகும். ஒருமுறை கூறி அமைந்தாராயின் அஃது அறிவுரை மாத்திரமே. ஆங்கிலர் 'அட்வைஸ்' என்பர். வழியிற் காணுந்தோறும் விடாது கூறினாராயின் 'ஏர்ஜ்' என்பர். இவ்விரண்டிலும் விதைப்பு நிகழ்ந்ததா இல்லையா என்பது தெரியாது. அந்நெல் வானம்பார்த்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக விளைந்துவந்தமையையும், அதன் சிவப்பரிசிக்கு மக்கள் தரும் மதிப்பையும் காரணங்காட்டி விளக்க, அயலவர் 'அதுவே நன்று' என்று நம்பிவிட்டாராயின் 'கொன்வின்ஸ்' என்பது பொருந்தும். நம்பிய பின்னரும் அவர் விதைக்காது விடலாம். அச்சொல் உள்ளத்தின் மாற்றத்தோடு நின்றுவிடுகின்றது. நம்பியதன் பயனாக விதைத்தும் விட்டாராயின் 'பேசுவேட்' என்பர்.

இனி, அறிவுரைக்கு அயலவர் அசையவில்லை. 'விதைநெல்லை யான் தருவேன், உழவு இயந்திரக் கூலியிற் பாதியும் யானே தருவேன்' என்றதன் பின்னரே விதைத்தார் எனின், அங்கேதான் 'இன்டியூஸ்' தனக்குரிய இடத்தைப் பெறுகின்றது. அயலவர் தாமே இசைந்தார்; ஆயினும் அவரை இசைவித்தது வெளியிலிருந்து வந்த ஒரு பொருள். பழங்கடனைச் சொல்லி அச்சுறுத்தி விதைப்பித்தாராயின் 'கொம்பெல்' அல்லது 'மேக்' என்பர். கூலியாளைக் கொண்டு விதைப்பித்தாராயின் 'ஹாவ்' என்பது போதும். அங்கே கூலியாளின் மனம் ஆராயப்படுவதில்லை. வெள்ளம் வரம்பை உடைத்து முதல் விதைப்பை அழித்தமையால் மறுமுறை விதைக்க நேர்ந்ததாயின், வெள்ளத்தை எழுவாயாக்கிக் 'கோஸ்' என்பர். வெள்ளத்துக்கு மனமில்லை, விதைப்பவரின் மனத்தோடும் அது பேசவில்லை. இவ்வாறு ஒரே வயலில் நிகழ்ந்த ஒரே விதைப்பு, செய்பவனுடைய உள்ளத்துக்கு நேர்ந்தது யாது என்பதற்கேற்ப ஆங்கிலத்திற் பல வினைகளைப் பெறுகின்றது.

சொற்களின் இவ்வெல்லையை அறிவதற்கு எளிய அளவுகோல் ஒன்றுண்டு. வாக்கியத்தின் இறுதியில் 'ஆயினும் அவர் விதைக்கவில்லை' என்பதைச் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். 'ஏர்ஜ்' வந்த வாக்கியத்தில் அது முரணின்றிப் பொருந்தும். 'இன்டியூஸ்' வந்த வாக்கியத்திற் பொருந்தாது, கூறியதையே மறுத்ததாகிவிடும். எனவே செயல் நிகழ்ந்துவிட்டது என்னும் உறுதி 'இன்டியூஸ்' என்னுஞ் சொல்லின் உள்ளேயே அடங்கியுள்ளது என்பது பெறப்படும்.

வாக்கிய அமைப்பைப் பற்றியும் சுருங்கக் கூறுதல் தகும். 'மேக்' என்பதன்பின் செய்வினையில் வரும் வினை 'ரு' என்னும் இடைச்சொல்லை ஏலாது, செயப்பாட்டுவினையில் ஏற்கும். 'இன்டியூஸ்', 'பேசுவேட்', 'கோஸ்', 'கெற்' என்பன எப்பொழுதும் அவ்விடைச்சொல்லை வேண்டி நிற்பன. 'கொன்வின்ஸ்' என்பதன்பின் 'இன்னது உண்மை' என்னும் முழு வாக்கியம் வருதலே பழைய முறை. செயலைக் குறிக்கும் வினை வருதல் இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அமெரிக்க வழக்கிலிருந்து பரவியது. இலக்கணப் பற்றுடையோர் அதனை நெடுங்காலம் கடிந்துவந்தனர். தமிழ் மாணவர் 'என்று' என்னும் எச்சத்தின் பழக்கத்தால் 'இன்டியூஸ்' என்பதன்பின்னும் முழு வாக்கியத்தை வைத்தெழுதுவர். அது பிழை. நம்பிக்கைக்கு வாக்கியம், செயலுக்கு வினை என்று நினைவிற்கொள்ளல் போதுமானது.

இனித் 'தூண்டு' என்னுந் தமிழ்ச்சொல்லை அதே அளவுகோலில் இட்டு நோக்குதல் வேண்டும். தூண்டுதல் என்பது முதற்கண் விளக்குத்திரியைத் தூண்டுதல். திரி முன்னரே எரிந்துகொண்டிருக்கின்றது, நெய்யும் உள்ளது, தூண்டுவோன் அதனைச் சிறிது முன்தள்ளி ஒளி பெருகச் செய்கின்றான். கன்றிச் சோம்பிய எருதைத் தார்க்கோலாற் குத்துதலும் தூண்டுதலே. இவ்விரண்டிலும் சொல்லின் அழுத்தம் தள்ளுபவனுடைய முயற்சியில் நிற்கின்றது. தள்ளப்பட்டது நகர்ந்ததா என்பதில் நிற்கவில்லை. 'தந்தை மகனை மேற்படிப்புக்குத் தூண்டினார். மகனோ கேட்கவில்லை' என்னும் வாக்கியத்தில் எவ்வகை முரணும் இல்லை. ஆகவே 'தூண்டு' என்பது 'ஏர்ஜ்' என்பதற்கும், தீய செயலாயின் 'இன்ஸ்டிகேட்' என்பதற்கும் நேர்நிற்குமேயன்றி, 'இன்டியூஸ்' என்பதன் முழுப்பொருளையும் தாங்காது.

எதிர்மறையில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகும். 'தூண்டவில்லை' என்றால் முயற்சியே நடைபெறவில்லை. ஆங்கிலத்தில் 'இன்டியூஸ்' என்பதை எதிர்மறையாக்கினால், முயன்றும் பயனின்றிப் போயிற்று என்பதும் அதன் பொருளுள் அடங்கும். 'எப்பரிசாலும் அவனை அதற்கு இசைவிக்க முடியவில்லை' என்னும் கருத்துடைய ஆங்கில வாக்கியத்தை, 'எப்பரிசாலும் அவனைத் தூண்ட முடியவில்லை' என்று மொழிபெயர்த்தால் கருத்து மங்குகின்றது.

அங்ஙனமாயின் 'தூண்டு' என்னும் பொருள் நிலைபெற்றமைக்கு ஓர் ஏது இருத்தல் வேண்டும். அறிவியற் கலைச்சொற்களின் செல்வாக்கு அவ்வேதுக்களுள் ஒன்றெனலாம். 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே கண்டறிந்த இயல்புக்குப் பௌதிக நூல்கள் மின்காந்தத் தூண்டல் என்று பெயர் தந்துள்ளன. மருத்துவத்தில் மகப்பேற்று வலியைத் தூண்டுதல் என்பர். அவ்விடங்களில் இச்சொல் பொருத்தமே. கம்பிச்சுருளுக்கு விருப்பும் வெறுப்பும் இல்லை; காந்தப்புலம் மாறின் மின்னியக்கவிசை பிறந்தே தீரும்; இணங்கினதா, மறுத்ததா என்னும் வினா அங்கு எழுவதில்லை. கம்பிக்குப் பொருந்திய சொல்லை மனிதனுக்கும் மாற்றமின்றி வைத்தலே குறைபாடாகும்.

'தூண்டு' போதாதெனின், செயலின் நிறைவைத் தெரிவிக்குந் தமிழ் உருபு யாது எனின், அது பிறவினையே. தமிழின் பிறவினை மிகச் செறிவுடையது. திருந்து, திருத்து, அடங்கு, அடக்கு, உருள், உருட்டு என வல்லெழுத்து மிகுதலாலும், செய், செய்வி, நட, நடப்பி என விகுதி சேர்தலாலும் அது பிறக்கும். பவணந்தி முனிவர் நன்னூலில், விகுதி மேலும் அடுக்கிச் செய்விப்பி என வருதலையும் காட்டியுள்ளார். செய்விப்பவனைக் கொண்டு செய்விக்கும் மூன்றாமவன் ஒருவனை ஒரே சொல்லில் அடக்கிக் காட்டும் ஆற்றல் ஆங்கில வினைக்கு இல்லை. 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திற் கால்டுவெல்லும் இத்தகைய வினைவடிவங்களை விரிவாக ஆராய்ந்தார்.

பிறவினையில் செயல் நிகழ்ந்தமை ஐயமற விளங்கும். 'விதைப்பித்தார்; ஆயினும் விதைக்கப்படவில்லை' என்று கூறல் இயலாது. ஆயினும் அதற்கும் ஒரு குறை உண்டு. செய்தவன் விரும்பிச் செய்தானா, கூலிக்குச் செய்தானா, அஞ்சிச் செய்தானா, ஏமாந்து செய்தானா என்பதைப் பிறவினை விகுதி கூறுவதில்லை. 'கையொப்பம் இடுவித்தார்' என்னுந் தொடரில் வேண்டுகோளும் அடங்கும், துப்பாக்கியும் அடங்கும். 'தூண்டு' முயற்சியைக் கூறி முடிவை மறைக்கின்றது. 'செய்வி' முடிவைக் கூறி வழியை மறைக்கின்றது. 'இன்டியூஸ்' இவ்விரண்டுக்கும் இடையில் நின்று, முடிவையும் செய்தவனது இசைவையும் ஒருங்கே காட்டுகின்றது.

பிறவினை செய்தவனது உள்ளத்தை எத்துணை எளிதில் மறைத்துவிடும் என்பதற்குக் 'கட' என்னும் வினை சான்று. கட என்பது தன்வினை. கடத்து என்பது அதன் பிறவினை. சங்குப்பிட்டிக்கும் கேரதீவுக்கும் இடையிலே 2011ஆம் ஆண்டிற் பாலம் திறக்கப்படுவதன் முன், யாழ்ப்பாணத்துக்கும் பூநகரிக்குமிடையே சென்றோர் பாதை எனப்பட்ட மிதவையில் கடல்நீரேரியைக் கடந்தனர். அம்மிதவையைச் செலுத்தியோர் அவர்களைக் கடத்தினர் என்று கூறுவது இலக்கணத்துக்கு முற்றும் ஒத்தது. இன்றோ ஒருவரைக் கடத்தினர் என்றால், அவரது விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுசென்றனர் என்பதே கேட்போர் நெஞ்சில் எழும் பொருள். சொல்வடிவம் ஒன்றே. கடந்தவரின் மனம் அவ்வடிவத்தில் இடம்பெறாமையால், காலமும் உலகியலும் அதற்கு ஒரு மனநிலையைக் கற்பித்துவிட்டன.

தமிழிலக்கணகாரர் இக்குறையை உணராதவரல்லர். மூன்றாம் வேற்றுமைக்குரிய கருத்தாவை அவர்கள் இயற்றுதற் கருத்தா என்றும் ஏவுதற் கருத்தா என்றும் இருவகையாகப் பகுத்தனர். கோயிலைக் கட்டியவன் தச்சன் என்பதும் உண்மை. அரசன் என்பதும் உண்மை. முன்னவன் இயற்றினான், பின்னவன் ஏவினான். ஆறுமுக நாவலரின் இலக்கண நூல் வழியாக ஈழத்து மாணவர் பல தலைமுறையாகப் பயின்றுவந்த பாகுபாடு இது. ஒரு செயலின் பொறுப்பு யாரைச் சாரும் என்னும் வினாவுக்கு முதற்படியான விடையை இப்பாகுபாடு தருகின்றது. ஆயினும் ஏவல் என்பது கட்டளையைச் சார்ந்த சொல். அரசனுக்கும் தச்சனுக்கும் இடையில் உயர்வு தாழ்வு உண்டு. ஒத்த நிலையில் உள்ள ஒருவனை, அல்லது தன்னினும் உயர்ந்தவனை, சொல்லாலும் பொருளாலும் வளைப்பதை ஏவல் என்னுஞ் சொல் காட்டாது.

அதனைக் காட்டுஞ் சொற்கள் இலக்கியத்திலும் வழக்கிலும் நிரம்ப உள. தெருள் என்பதன் பிறவினை தெருட்டு. அறிவு தெளியச் செய்து ஒருவனைத் தன்வழிக் கொணர்தல். மருள் என்பதன் பிறவினை மருட்டு. அறிவு மயங்கச் செய்து கொணர்தல். ஓரெழுத்தே வேறுபட்ட இவ்விரு சொற்களும், இசைவு பெறும் வழிகள் இரண்டினையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டுகின்றன. இணங்கு என்பதன் பிறவினை இணக்கு. வழி நல்லதாயினும் தீயதாயினும், மற்றவன் உடன்பட்டான் என்னும் முடிவை இச்சொல் உறுதியாகக் கூறும். 'இன்டியூஸ்' என்பதற்குத் தமிழில் மிக அணித்தாக நிற்பது இச்சொல்லே எனலாம். உடன்படுத்து, வசப்படுத்து என்பனவும் இவ்வினத்தவை. பேச்சுவழக்கில் ஆசைகாட்டுதல், மனத்தை மாற்றுதல், உருவேற்றுதல், ஏவிவிடுதல், நெருக்குதல் என வழங்குந் தொடர்களும் அவ்வவ் வழியை நன்கு புலப்படுத்துவன. இவையனைத்தையும் விடுத்துத் 'தூண்டு' என்னும் ஒன்றையே எங்கும் வழங்குதல், வீட்டில் நெல்லிருக்க அயலிற் கடன் கேட்பது போலாம்.

இவ்வேறுபாடுகளைப் பெரும்புலவர் எத்துணை நுணுக்கமாகக் கையாண்டனர் என்பதற்குக் கம்பராமாயணத்து மந்தரையும் கைகேயியும் சிறந்த சான்றாவர். மந்தரை முதன்முறை பேசியபொழுது, இராமன் முடிசூடும் செய்தியைக் கேட்ட கைகேயி மகிழ்ந்து மாலை ஒன்றைப் பரிசளிக்கின்றாள். அதன்பின் மந்தரை கூறியவற்றைக் கேட்டுச் சினந்து கடியவும் செய்கின்றாள். அந்நிலையில் மந்தரை கைகேயியைத் தூண்டினாள் என்று கூறலாம். இணக்கினாள் என்று கூறலாகாது. மீண்டும் பேசியபின்னரே தேவியின் சிந்தை திரிகின்றது. அவ்விடத்தும் கம்பர் மந்தரையின் சொல்லை மாத்திரம் ஏதுவாக்கினாரல்லர். தேவர்களின் மாயையையும், அவர்கள் பெற்றிருந்த வரத்தையும், அந்தணர் இயற்றிய தவத்தையும் உடன் வைத்தார். உள்ளத்தை மாற்றிய சொல் ஒன்று. அச்சொல் பயன்படுமாறு அமைந்த காரணங்கள் பிற என்னும் பாகுபாடு அங்கே தோன்றுகின்றது. ஆங்கிலத்திற் கூறின், முன்னதற்குப் 'பேசுவேட்' என்பதும் பின்னவற்றுக்குக் 'கோஸ்' என்பதும் உரியன.

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையிலே ஏவலும் மருட்டலும் சங்கிலிபோற் கோக்கப்பட்டுள்ளன. பொற்கொல்லன் பாண்டியனை மருட்டுகின்றான். பாண்டியன் ஆராயாது காவலரை ஏவுகின்றான். காவலரோ கோவலனது தோற்றத்தைக் கண்டு, இவன் கள்வன் அல்லன் என்று தயங்குகின்றனர். ஆகவே பொற்கொல்லன் அவர்களிடமும் கள்வரது தந்திரங்களை விரித்துரைத்துத் தன் தொழிலை மறுமுறை செய்யவேண்டியதாகின்றது. அவ்வுரைக்குப் பின்னரும் காவலரிடையே பேச்சு நிகழ்கின்றதேயன்றித் துணிவு பிறக்கவில்லை. இறுதியில் வாளை வீசியவன் கல்வியறிவற்ற களிமகன் ஒருவன். அவனை எவருந் தெருட்டவில்லை. தெருட்டவேண்டிய மனம் அவனிடம் இருந்ததாகவும் இளங்கோவடிகள் காட்டவில்லை. இயற்றியவன் அவன், ஏவியவன் அரசன், மருட்டியவன் பொற்கொல்லன். இம்மூவருள் பாண்டியன் பழியைத் தன்மேல் ஏற்று உயிர் துறக்கின்றான். மருட்டப்பட்டேன் என்று கூறி அவன் தப்ப முயலவில்லை. ஆராய்ந்து இசையவேண்டிய கடமை தனக்கு இருந்தமையை அவன் உணர்ந்தமையே அதற்கு ஏதுவாகும்.

மேனாட்டு இலக்கியத்திலும் இதற்கு இணையுண்டு. ஷேக்ஸ்பியரின் யூலியஸ் சீசர் நாடகத்தில், காசியஸ் பல குடிமக்கள் எழுதினாற்போற் பொய்க்கடிதங்களைப் புரூட்டஸின் மனையில் இடுவிக்கின்றான். புரூட்டஸோ அக்கடிதத்தைப் படிப்பதன் முன்னரே, தனியே நின்று சீசரின் இறப்பு வேண்டுவதே என்று தனக்குத்தானே காரணங்காட்டிவிடுகின்றான். காசியஸ் அவனை இணக்கினானா, தன்னைத் தானே தெருட்டிக்கொண்ட ஒருவனுக்குத் திரியை மாத்திரம் தூண்டினானா என்பது நாடகத்தைப் பயில்வோர் ஆராயவேண்டிய வினா. 'தூண்டினான்' என்னும் ஒரே சொல்லால் விடை எழுதும் மாணவனுக்கு இவ்வினா தோன்றவே தோன்றாது.

இலக்கியத்தில் இவ்வேறுபாடு சுவையைக் கெடுப்பதோடு நிற்கும். சட்டத்திலோ அது மனிதரைச் சிறையில் வைக்கும். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமாக இயற்றப்பட்டது. மக்காலே வரைந்து, இந்தியாவில் 1860இல் இயற்றப்பெற்று 2024 வரை நடைமுறையிலிருந்த தண்டனைத் தொகுப்பே அதற்கு முன்மாதிரி. அக்கோவை உடந்தை என்னுங் குற்றத்தை வரையறுக்குமிடத்து 'இன்ஸ்டிகேட்' என்னும் வினையையும், ஏமாற்றுதல் என்னுங் குற்றத்தை வரையறுக்குமிடத்து 'இன்டியூஸ்' என்னும் வினையையும் ஆள்கின்றது. இஃது அழகுக்காகச் சொல்லை மாற்றியதன்று. ஒருவன் மற்றொருவனைக் கொலைக்குத் தூண்ட, அவன் மறுத்துவிடினும், தூண்டியவன் உடந்தைக் குற்றவாளியே. செயல் நிகழவேண்டும் என்னும் நியதி அங்கில்லை. ஏமாற்றுதலிலோ, ஏமாற்றப்பட்டவர் பொருளைக் கொடுத்தோ, ஒன்றைச் செய்தோ, செய்யாது விட்டோ இருத்தல் வேண்டும். பொய்யுரைத்ததோடு நின்றால் அக்குற்றம் முற்றுப்பெறாது. இவ்விரு பிரிவுகளையும் 'தூண்டுதல்' என்னும் ஒரே சொல்லாற் பெயர்ப்பவர், சட்டம் பிரித்து வைத்த இரண்டு குற்றங்களின் எல்லைக்கல்லைப் பிடுங்கி எறிந்தவராவர். அச்சட்டம் 'வஞ்சித்து' என்னும் வழியையும் உடன் கூறுகின்றமை கருதத்தக்கது. 'இன்டியூஸ்' தன்னளவில் நன்மைக்கும் தீமைக்கும் பொதுவாதலின், வழியைக் கூறாது குற்றத்தை வரையறுத்தல் இயலாதாயிற்று.

1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 24ஆம் பிரிவு இன்னும் ஆழமானது. எதிரி ஒருவர் அளித்த குற்ற ஒப்புதல், அதிகாரத்திலுள்ள ஒருவரிடமிருந்து குற்றச்சாட்டைக் குறித்து வந்த தூண்டற்பொருள், அச்சுறுத்தல், வாக்குறுதி என்பவற்றுள் ஒன்றினால் விளைந்ததாக மன்றுக்குத் தோன்றின், அவ்வொப்புதலைக் குற்றவழக்கில் ஏற்கலாகாது என்பது அதன் கருத்து. இங்கே ஆங்கிலச் சட்டம் 'இன்டியூஸ்' என்னும் வினையை ஆளாது, 'இன்டியூஸ்மென்ற்' என்னும் பெயரை ஆண்டு, அதனோடு 'கோஸ்' என்னும் வினையைச் சேர்த்துள்ளது. வினையில் முடிவு அடங்கும். பெயரிலோ முடிவு அடங்காது. 'இன்டியூஸ்மென்ற்' என்பது தூண்டிலிற் கோத்த இரை. மீன் கடித்ததா என்பதை இரை கூறாது. அதனாலேதான் அவ்விரையினால் விளைந்தது என்பதை வேறொரு வினையாற் கூறவேண்டியதாயிற்று. தமிழில் அவ்விரையை 'ஆசைகாட்டல்' என்றால் தெளிவு பிறக்கும். 'தூண்டுதல்' என்றால், எதிரியைக் குற்றஞ்செய்யத் தூண்டியதா, ஒப்புக்கொள்ளத் தூண்டியதா என்னும் மயக்கமே பிறக்கும்.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இவ்விடத்தில் ஒரு பெருமாற்றத்தைச் செய்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அலுவலரிடம் அளித்த ஒப்புதலைச் சான்றாக ஏற்க அது வழிசெய்தது. அவ்வொப்புதல் 24ஆம் பிரிவின்படி விலக்கத்தக்கது என்பவரே அதனை நிறுவல் வேண்டும் என்றும் விதித்தது. சான்றுக் கட்டளைச்சட்டத்தில் 'மன்றுக்குத் தோன்றின்' போதும் என்றிருந்தது, ஒப்பமிட்டவரே நிறுவவேண்டிய சுமையாக மாறிற்று. 'ஒப்பமிட்டார்', 'ஒப்பமிடுவிக்கப்பட்டார்' என்னும் தன்வினை பிறவினை வேறுபாடு, வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ குடும்பங்களுக்கு ஆண்டுக்கணக்கிற் சிறையாக நின்ற வேறுபாடு. 1988ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் 16ஆவது திருத்தத்தின்பின் இம்மாகாணங்களில் தமிழே நிர்வாகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய மொழி. ஆதலின் கிளிநொச்சி மன்றில் வாதிடும் வழக்கறிஞருக்கும், வாக்குமூலத்தைப் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளருக்கும், அவர்களை உருவாக்கும் பாடசாலைக்கும் இச்சொல்லாராய்ச்சி புறம்பானதன்று.

ஏவியவனை மறைக்கும் சொல்வழக்கு இன்னொன்று வன்னி மக்களின் நாவிலே பதிந்துவிட்டது. 1995ஆம் ஆண்டின் யாழ்ப்பாணப் பெயர்வின்போதும், 2008, 2009ஆம் ஆண்டுகளின் போர்க்காலத்தும் ஊரையும் உடைமையையும் விட்டுச் சென்றோரை ஆங்கில அறிக்கைகள் செயப்பாட்டுவினையாற் குறித்தன. பெயர்த்த ஒரு கை உண்டு என்பதை அவ்வடிவம் ஒப்புக்கொள்கின்றது. தமிழிலோ அவர்கள் 'இடம்பெயர்ந்தோர்' ஆயினர். பெயர்தல் தன்வினை. பறவை பெயர்வதுபோலவும் ஞாயிறு பெயர்வதுபோலவும், தாமாகவே எழுந்து சென்றனர் என்பது அதன் இலக்கணப் பொருள். 'இடம்பெயர்க்கப்பட்டோர்' என்னும் வடிவமும் உண்டெனினும் அது வழக்கிற் குன்றியது. சுருக்கமும் எளிமையும் அதற்கு ஏதுவாகலாம். ஆயினும் வடிவம் ஒன்று நூறாயிரம் முறை வழங்கப்படும்பொழுது, அதன் இலக்கணம் கேட்போர் எண்ணத்தையும் மெல்ல மெல்லத் தன்வழி இட்டுச்செல்லும். போர் முடிந்தபின் கடனுறுதிகளிலும் காணியுறுதிகளிலும் கையொப்பமிட்ட எளியோரைப் பற்றி எழுதுவோரும் 'அவர்கள் கடன்பட்டனர்', 'அவர்கள் விற்றனர்' என்று தன்வினையால் முடிப்பர். எவர் ஆசைகாட்டினர், எவர் நெருக்கினர், எதனைக் கூறாது மறைத்தனர் என்பவற்றை அவ்வினைகள் கேட்பதில்லை.

மறுபுறத்தில், எல்லாவற்றையும் பிறவினையாக்கிப் பிறர்மேல் ஏற்றுதலும் நேர்மையன்று. பரிசுக்கு ஆசைப்பட்டுப் பொய்ச்சான்று கூறியவன் 'கூறுவித்தனர்' என்று தப்ப இயலாது. 'இன்டியூஸ்' என்னும் வினையின் தனிச்சிறப்பும் இதுவே: செய்தவனுடைய இசைவை அது அழித்துவிடுவதில்லை, செய்வித்தவனுடைய கையையும் மறைத்துவிடுவதில்லை. இருவருக்கும் உரிய பங்கை இருவரிடமும் விட்டுவைக்கின்றது.

ஆதலின் அதனைத் தமிழிற் பெயர்க்குங்கால் இரு கூறுகளை இணைத்துரைத்தலே தக்க முறையாகும். வழியை வினையெச்சத்தாலும் முடிவைப் பிறவினையாலும் கூறல் வேண்டும். ஆசைகாட்டிச் செய்வித்தான், பொய்யுரைத்துக் கொடுப்பித்தான், எடுத்துரைத்து இணக்கினான், நயந்து கேட்டு உடன்படுத்தினான் என இடத்துக்கேற்ப அமைத்தல் எளிது. வழி யாதென மூலத்திற் கூறப்படாதவிடத்து 'இணக்கினான்' என்பது போதும். முயற்சி மாத்திரம் கருதப்பட்டவிடத்தும், மனமில்லாத பொருள் கூறப்பட்டவிடத்தும் 'தூண்டு' என்பதை வைத்துக்கொள்ளலாம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்குங்கால், 'செய்வித்தான்' என்னும் வினையைக் கண்டவுடன் ஒன்றை எழுதிவிடாது, செய்தவன் விரும்பினானா, வெருண்டானா, மருண்டானா என்று மூலத்தை வினவிய பின்னரே 'பேசுவேட்', 'இன்டியூஸ்', 'மேக்', 'கோஸ்' என்பவற்றுள் ஒன்றைத் தெரிதல் வேண்டும்.

ஆங்கிலத்தைத் தமிழாக்கும் பணி ஈழத்தவர்க்குப் புதியதன்று. 1850இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பில் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தவர் ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய வின்சுலோவின் பேரகராதி 1862இல் வெளிவந்தது. அவ்வகராதிகளின் வழிவந்த சொற்பட்டியல்கள் இன்று மாணவரின் கைப்பேசியிலும் உள. பட்டியல் நீள நீள, சொல்லை நிறுத்துப் பார்க்கும் வழக்கம் குறைந்துவருகின்றது. வகுப்பறையில் ஓர் ஆங்கில வினைக்குப் பொருள் வினவப்படும்பொழுது, ஒரு தமிழ்ச்சொல்லைக் கூறி அமையாது, 'செயல் முடிந்ததா? முடிவித்தவர் யார்? செய்தவர் மனம் எந்நிலையில் இருந்தது?' என்னும் மூன்று வினாக்களையும் உடன் வினவும் பழக்கத்தை ஆசிரியர் உண்டாக்குவாராயின், மாணவர் ஆங்கிலத்தையும் பிழையின்றி எழுதுவர். தமக்கு முன்னே நீட்டப்படும் தாளில் ஒப்பமிடுவதற்கு முன் அவ்வினாக்களைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளவுஞ் செய்வர்.